ஊசலின் திசைவேகம் எந்த நொடிக்குச் சொந்தம்?

தனி ஊசல் சோதனையின் அட்டவணையில் நேரம், நிலை என்ற இரண்டு நெடுவரிசைகளையும் மாணவர்கள் நன்றாகவே நிரப்பிவிடுகிறார்கள். மூன்றாவதாகத் 'திசைவேகம்' என்று தலைப்பு எழுதியதும்தான் பேனா நிற்கிறது. ஆய்வகத்தில் செய்முறை வகுப்பு எடுக்கிற எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடமே அதுதான். நேரத்தையும் நிலையையும் அளந்தாயிற்று. திசைவேகத்தை யாரும் அளக்கவில்லை. இரண்டு அளவீடுகளுக்கு நடுவிலிருந்து நாம்தான் அதை எடுக்க வேண்டும். எடுக்கிற விதம் சரியில்லை என்றால் அருமையான அளவீடும் வீணாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். ஊசலின் நீளம் 1 மீட்டர், அதாவது தொங்குபுள்ளியிலிருந்து குண்டின் மையம் வரைக்கும். குண்டை நடுநிலையிலிருந்து 10 செ.மீ. இழுத்து, தள்ளாமல் விடுகிறோம். 0.1 நொடிக்கு ஒருமுறை நிலையைக் குறித்து, மில்லிமீட்டருக்கு முழுமையாக்கினால் இப்படி வரும்:

0.0 நொடி: 10.0 செ.மீ.
0.1 நொடி: 9.5 செ.மீ.
0.2 நொடி: 8.1 செ.மீ.
0.3 நொடி: 5.9 செ.மீ.
0.4 நொடி: 3.1 செ.மீ.
0.5 நொடி: 0.0 செ.மீ.
0.6 நொடி: −3.0 செ.மீ.
0.7 நொடி: −5.8 செ.மீ.

நான் அடிக்கடி பார்க்கும் முதல் விடை, நிலையை நேரத்தால் வகுத்தது. பள்ளியில் 'தூரம் வகுத்தல் நேரம்' என்று படித்ததை அப்படியே போட்டுவிடுகிறார்கள். போட்டுப் பாருங்கள். 0.5 நொடியில் நிலை 0.0, எனவே திசைவேகமும் 0. ஆனால் ஊசல் மிக வேகமாகப் போவதே அந்த இடத்தில்தான்! முதல் வரியில் 10-ஐ 0-ஆல் வகுக்க வேண்டியிருக்கும். அங்கே குண்டு அசையாமல் இருக்கிறது. அதாவது, நிற்கும் இடத்தில் முடிவிலியும் பறக்கும் இடத்தில் சுழியமும் கிடைக்கின்றன. இதை ஒருமுறை தன் அட்டவணையிலேயே பார்த்துவிட்ட மாணவருக்கு, திசைவேகம் என்பது நிலையில் இல்லை, நிலையின் மாற்றத்தில் இருக்கிறது என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றத்தைப் பார்ப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. அளவுகோலின் சுழியத்தை எங்கே வைத்தீர்கள் என்பது பொருட்டே இல்லை. நடுநிலை 40 செ.மீ. கோட்டில் இருந்து, எல்லா நிலைகளையும் அப்படியே 50.0, 49.5, 48.1 என்று எழுதியிருந்தாலும் வேறுபாடுகள் மாறப்போவதில்லை.

சரி, அடுத்தடுத்த இரண்டு நிலைகளைக் கழித்து 0.1 நொடியால் வகுக்கிறோம். முதல் இரண்டு வரிகளுக்கு 9.5 − 10.0 = −0.5, 0.1-ஆல் வகுத்தால் நொடிக்கு −5 செ.மீ. கழித்தல் குறி, குண்டு நடுநிலையை நோக்கித் திரும்பி வருகிறது என்பதைச் சொல்கிறது. கணக்கில் பிழையில்லை. இப்போது இந்த −5-ஐ எந்த வரியில் எழுதுவது?

பெரும்பாலான நோட்டுகளில் அது முதல் வரியிலேயே, 0.0 நொடிக்கு நேராக உட்கார்ந்திருக்கும். அப்படியானால், கையை எடுத்த அதே கணத்தில் குண்டு நொடிக்கு 5 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். நாம் தள்ளவே இல்லையே! இரண்டாவது வரியில், 0.1 நொடிக்கு நேராக எழுதினால் வேறு சிக்கல்: அங்கே உண்மையான திசைவேகம் கிட்டத்தட்ட −9.6. அப்போது −5 என்பது பாதிதான்.

−5 இந்த இரண்டு வரிகளுக்கும் சொந்தமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 0.05 நொடிக்குச் சொந்தம். கோட்பாட்டின்படி 0.05 நொடியில் இந்த ஊசலின் திசைவேகம் −4.9. மில்லிமீட்டர் அளவுகோலால் எடுத்த நிலைகளிலிருந்து −5 வந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

முழுக் கட்டுரையிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கழித்து வகுத்துக் கிடைக்கும் எண், ஓர் இடைவெளியின் சராசரித் திசைவேகம். அதைக் கணநேரத் திசைவேகமாக வாசிக்க வேண்டும் என்றால், அந்த இடைவெளியின் நடுநேரத்தில் வைத்து வாசிக்க வேண்டும். முடுக்கம் மாறாமல் இருந்தால் சராசரித் திசைவேகமும் நடுநேரத் திசைவேகமும் துல்லியமாக ஒன்றே. இது நியூட்டனுக்கும் மிக முந்தைய உண்மை. ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஹைட்ஸ்பரி 1335-லேயே இதை எழுதிவைத்தார். நொடியை அளக்கும் கடிகாரம் எதுவும் இல்லாத காலத்தில், வெறும் தர்க்கத்தால் அதைக் கண்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஊசலில் முடுக்கம் மாறிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் 0.1 நொடி போன்ற சிறிய இடைவெளியில் அந்த மாற்றம் சிறியதாகவே இருப்பதால், நடுநேர விதி அரை சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு நின்றுவிடுகிறது.

நேரங்கள் 0.05, 0.15, 0.25 என்று வருவது சிலருக்குப் பிடிப்பதில்லை. நிலை ஒரு நேரத்திலும் திசைவேகம் வேறொரு நேரத்திலும் இருந்தால் இரண்டையும் ஒரே வரியில் ஒப்பிட முடியாது என்பது நியாயமான குறைதான். அதற்கு வழி, ஒரு வரியைத் தாண்டிக் கழிப்பது. 0.3 நொடிக்குத் திசைவேகம் வேண்டுமா? அதற்கு அடுத்த நிலையான 3.1-லிருந்து முந்தைய நிலையான 8.1-ஐக் கழித்து 0.2 நொடியால் வகுங்கள். −25 வரும். கோட்பாடு சொல்வது −25.3. 0.5 நொடிக்கு, −3.0-லிருந்து 3.1-ஐக் கழித்து 0.2-ஆல் வகுத்தால் −30.5, கோட்பாடு −31.3. இதை மைய வேறுபாடு என்பார்கள். காணொளியிலிருந்து இயக்கத்தை அளக்க உதவும் டிராக்கர் என்ற இலவச மென்பொருளும் திசைவேகத்தை இப்படித்தான் கணக்கிடுகிறது. முதல் வரியிலும் கடைசி வரியிலும் அது திசைவேகம் தராமல் காலியாக விடுவதற்குக் காரணம், அந்த வரிகளுக்கு ஒருபக்கத்து அண்டை வரி இல்லை. அந்தக் காலி இடங்களை எதையாவது போட்டு நிரப்பாதீர்கள். காலியாக இருப்பதே சரியான பதிவு.

இனி வருவது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடைவெளி சிறியதாக ஆக, சராசரி கணநேர மதிப்பை நெருங்கும் என்று வகைநுண்கணிதத்தில் படிக்கிறோம். அதனால், "நொடிக்கு 240 பிரேம் எடுக்கிற மொபைலில் பதிவு செய்தால் இன்னும் துல்லியமாக வரும் இல்லையா மேம்?" என்று நல்ல மாணவர்கள்தான் கேட்கிறார்கள். எடுத்துக் கொண்டுவந்த பிறகு வரைபடத்தைப் பார்த்தால், திசைவேகம் ஒழுங்கான அலையாக இல்லாமல் தாறுமாறான ரம்பப் பல்லாக இருக்கும்.

காரணம் எளிது. நம் ஊசல் மிக வேகமாக இருக்கும்போது நொடிக்கு சுமார் 31.3 செ.மீ. போகிறது. 240 பிரேமில், ஒரு பிரேமிலிருந்து அடுத்ததற்கு அது நகர்வது வெறும் 1.3 மி.மீ. திரையில் குண்டின் மையத்தைச் சொடுக்கும்போது நம் கை தவறுவதோ ஒரு மி.மீ. அளவுக்கு இருக்கலாம். நகர்வும் பிழையும் ஒரே அளவு! ஒவ்வொரு நிலையிலும் 1 மி.மீ. தற்செயல் பிழை இருந்தால், இரண்டைக் கழிக்கும்போது பிழை √2 மடங்காகி (தற்செயல் பிழைகள் நேராகக் கூடுவதில்லை) 1.4 மி.மீ. ஆகிறது. அதை 240-ஆல் பெருக்கினால் நொடிக்கு 34 செ.மீ. ஊசலின் உச்ச வேகத்தைவிடப் பிழை பெரியதாகிவிட்டது. குண்டு இடப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே அட்டவணையில் சில வரிகள் அது வலப்பக்கம் போவதாகச் சொல்லும்.

30 பிரேம் காணொளியில் இதே கழித்தலுக்கு நொடிக்கு 4.2 செ.மீ. பிழை. மைய வேறுபாட்டில், இடைவெளி இரட்டிப்பாவதால், 2.1 செ.மீ. உச்ச வேகத்தில் அது 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பக்கத்துக்கு மூன்று பிரேம் தள்ளி, அதாவது 0.1 நொடி முன்னும் 0.1 நொடி பின்னும் எடுத்தால் பிழை 0.7 செ.மீ.

அப்படியானால் இன்னும் அகலமாக எடுக்கலாமே என்று தோன்றும். அங்கே மறுபக்கத்துப் பிழை காத்திருக்கிறது. இடைவெளி அகலமானால் சராசரி, உச்சத்தை மழுக்குகிறது. பக்கத்துக்கு 0.1 நொடி எடுத்தால் உச்ச வேகம் 1.6 சதவீதம், அதாவது அரை செ.மீ. அளவுக்குக் குறைவாக வரும். மேலே 31.3-க்குப் பதில் 30.5 வந்ததே, அதில் பெரும்பகுதி இதுதான். மீதி மில்லிமீட்டருக்கு முழுமையாக்கியதால் வந்தது. பக்கத்துக்கு 0.2 நொடி எடுத்தால் மழுங்கல் நான்கு மடங்காகி 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். தற்செயல் பிழை இடைவெளிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. மழுங்கல் இடைவெளியின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. இரண்டும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும் இடம், 1 மீட்டர் நீளம், 10 செ.மீ. வீச்சு, 1 மி.மீ. பிழை என்ற நம் கணக்கில், பக்கத்துக்கு சுமார் 0.1 நொடி. அலைவு நேரம் 2 நொடி என்பதால், அதில் இருபதில் ஒரு பங்கு. மிகச் சிறிய இடைவெளிதான் மிகச் சிறந்தது என்ற எண்ணம் தாளில் எழுதிய சார்புகளுக்குச் சரி. கையால் எடுத்த அளவீடுகளுக்கு ஒரு நல்ல அகலம் உண்டு, அதைத் தேடிக் கண்டுபிடிப்பது சோதனையின் ஒரு பகுதி.

அதற்காக வேகமான கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் பலன் வேறிடத்தில் இருக்கிறது. 0.2 நொடி அகலத்துக்குள் 240 பிரேமில் 49 புள்ளிகள் கிடைக்கும். முனைகளில் உள்ள இரண்டை மட்டும் கழிக்காமல், 49-க்கும் பொருந்தும் சிறந்த நேர்கோட்டைப் போட்டு அதன் சாய்வை எடுத்தால், தற்செயல் பிழை 0.7-லிருந்து 0.24 செ.மீ.க்கு இறங்குகிறது. மழுங்கலும் 1.6-லிருந்து 1 சதவீதமாகிறது. விரிதாளில் சாய்வு கண்டுபிடிக்கும் சார்பு இருக்கிறது. அதை வரி வரியாக நகர்த்தினால் போதும்.

கையால் செய்பவர்களுக்கு ஐந்து புள்ளி முறையே வசதி. வேண்டிய வரிக்கு முன் இரண்டு, பின் இரண்டு நிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியிலிருந்து முதலைக் கழித்து இரண்டால் பெருக்குங்கள். நான்காவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து அதோடு கூட்டுங்கள். கிடைப்பதைப் பிரேம் இடைவெளியின் பத்து மடங்கால் வகுங்கள். ஐந்து புள்ளிகளுக்கும் பொருந்தும் நேர்கோட்டின் சாய்வு அது. சவிட்ஸ்கி, கோலே இருவரும் 1964-இல் வேதியியல் அளவீடுகளுக்காக வெளியிட்டுப் புகழ்பெற்ற முறையின் எளிய வடிவம். 30 பிரேம் காணொளியில் இதன் பிழை 1 செ.மீ.க்குக் கீழே வந்துவிடும். ஆனால் 0.1 நொடி இடைவெளியுள்ள நம் அட்டவணையில் இதைப் போடாதீர்கள்: 0.5 நொடிக்கு −29.5 என்று வரும். 0.4 நொடி அகலம், உச்சத்தைக் கண்கூடாகவே வெட்டிவிட்டது.

கணக்கை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் போகாத பிழை ஒன்று உண்டு. அளவுகோலை எங்கே வைத்துப் படம் எடுத்தீர்கள்? குண்டு ஆடும் தளத்துக்கு 5 செ.மீ. பின்னால், சுவரில் சாய்த்து வைத்திருந்து, கேமரா குண்டிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் இருந்தால், எல்லா நீளங்களும் 5 சதவீதம் கூடுதலாக வரும். எனவே எல்லாத் திசைவேகங்களும் 5 சதவீதம் கூடுதல். வரைபடம் அழகாக, சிதறலே இல்லாமல் இருக்கும். எந்தச் சராசரியும் இதைக் காட்டிக்கொடுக்காது. அளவுகோலை ஊசலின் தளத்திலேயே பிடியுங்கள், கேமராவை 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். நேரத்துக்கும் ஒரு சோதனை வேண்டும். வெளிச்சம் குறைந்தால் பல மொபைல்கள் பிரேம் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. 20 அலைவுகளை ஸ்டாப்வாட்ச்சில் எடுத்து, காணொளி சொல்லும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். 1 மீட்டர் ஊசலுக்கு இரண்டுமே 40.1 நொடி அருகில் இருக்க வேண்டும்.

கிடைத்த திசைவேகம் நம்பத்தக்கதா என்று பார்க்கச் சிறந்த வழி ஆற்றல். 10 செ.மீ. பக்கவாட்டில் இழுத்தால் 1 மீட்டர் ஊசலின் குண்டு உயர்வது 5 மி.மீ. மட்டுமே. அந்த உயரத்திலிருந்து இறங்கினால் வரவேண்டிய வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கி, அதை இரட்டித்து வர்க்கமூலம் எடுத்தால், நொடிக்கு 31.4 செ.மீ. நிலையும் நேரமும் பயன்படுத்தாமலே வந்த விடை இது. அட்டவணையின் உச்ச வேகம் இதற்கு அருகில் இல்லையென்றால், முதலில் அளவுகோலைச் சந்தேகியுங்கள். கால் அலைவின் சராசரியை வைத்தும் விரைவாகப் பார்க்கலாம்: 10 செ.மீ.யை அரை நொடியில் கடக்கிறது, சராசரி 20; உச்சம் அதைப்போல் 1.57 மடங்கு. போட்டோகேட் (ஒளிக்கதிர் மறைபடும் நேரத்தை அளக்கும் கருவி) இருந்தால் 2 செ.மீ. விட்டமுள்ள குண்டு நடுநிலையில் ஒளியை 0.064 நொடி மறைக்க வேண்டும். ஒளிக்கதிர் குண்டின் சரிநடுவில் படவில்லை என்றால் நேரம் குறைந்து, வேகம் கூடுதலாகத் தெரியும்; அதைக் கவனியுங்கள்.

வீச்சைப் பெரிதாக்குகிறவர்களுக்கு ஒரு சொல். 30 பாகைக்கு இழுத்தால் அலைவு நேரம் 1.7 சதவீதம் நீள்கிறது. அதைவிட முக்கியம், கிடைநிலையை மட்டும் வைத்துக் கணக்கிடும் திசைவேகம் அங்கே குண்டின் முழுத் திசைவேகம் ஆகாது. நிலைக்குத்து நகர்வையும் சேர்க்க வேண்டும், அல்லது கோணத்தை அளந்து வில்லின் நீளத்தில் வேலை செய்ய வேண்டும். 10 செ.மீ. வீச்சில் வில்லுக்கும் கிடைத்தூரத்துக்கும் வேறுபாடு 0.2 மி.மீ.தான் என்பதால் கவலையில்லை.

திசைவேக நெடுவரிசை ஒருவழியாக நிரம்பியதும், நேரத்துக்கு எதிராக வரைந்துவிட்டு நோட்டை மூடிவிடாதீர்கள். திசைவேகத்தின் வர்க்கத்தை நிலையின் வர்க்கத்துக்கு எதிராக வரையுங்கள். இங்கே மட்டும் நிலையை நடுநிலையிலிருந்து அளந்திருக்க வேண்டும். கீழிறங்கும் ஒரு நேர்கோடு வரும். அதன் சாய்வை, கழித்தல் குறியை விட்டுவிட்டு, ஊசலின் நீளத்தால் பெருக்கினால் புவியீர்ப்பு முடுக்கம்! 20 அலைவுகளை எண்ணி, அலைவு நேரத்தை வர்க்கம் எடுத்துக் கண்டுபிடித்த அதே 9.8, அரை அலைவுக்குள் கிடைத்துவிடுகிறது. மைய வேறுபாட்டின் மழுங்கல் எல்லா வரியிலும் ஒரே விகிதத்தில் இருப்பதால் கோடு கோடாகவே இருக்கும்; சாய்வு மட்டும் 3 சதவீதம் குறையும். திசைவேகங்களை 0.984-ஆல் வகுத்துவிட்டு வரைந்தால் அதுவும் சரியாகிவிடும்.

கடைசியாக முடுக்கம். நான்காவது நெடுவரிசை போட்டு, திசைவேகங்களை மறுபடி கழித்து வகுக்க எல்லோருக்கும் ஆசை வருகிறது. 30 பிரேம் காணொளியில் அடுத்தடுத்த மூன்று நிலைகளிலிருந்து முடுக்கம் எடுத்தால் பிழை 220 வருகிறது; ஊசலின் உச்ச முடுக்கமே 98 செ.மீ./நொடி²தான். 0.1 நொடி இடைவெளியிலும் பிழை 24, அதாவது கால்பங்கு. அந்தக் கழித்தலை விட்டுவிடுங்கள். இப்போது வரைந்த நேர்கோட்டின் சாய்வை எடுத்து, குறியை மாற்றாமல் அப்படியே ஒவ்வொரு நிலையாலும் பெருக்குங்கள். நிலை 5.9 என்றால் முடுக்கம் −58, நிலை −3.0 என்றால் +29.